பூட்டு உடைந்திருந்தால்தான் திருட்டு

2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு காப்பீட்டு வழக்கு வந்தது. ஒரு பக்கம் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ், மறுபக்கம் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனம். வைத்திருந்த சரக்கு களவு போயிருந்தது; களவுக்கான பாலிசியும் கையில் இருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையத்தில் வணிகரின் கைதான் ஓங்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் பாலிசியின் வாசகத்தை எடுத்துப் படித்தது. பலத்தைப் பயன்படுத்தி, வலுக்கட்டாயமாக உள்ளே புகுந்து நடந்த திருட்டுக்குத்தான் இழப்பீடு என்று அதில் எழுதியிருந்தது. இங்கே அப்படிப் புகுந்ததற்கான தடயம் இல்லை. குற்றவியல் சட்டத்தில் திருட்டுக்கு எவ்வளவு விரிந்த பொருள் இருந்தாலும், காப்பீட்டில் ஒப்பந்த வாசகம்தான் இரு தரப்பையும் கட்டும் என்று சொல்லி, நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு எழுதப்பட்டது.

அது சரக்கு தொடர்பான வழக்கு. ஆனால் அந்தத் தீர்ப்பின் அடி முழுசாக விழும் இடம் வாடகை வீடு. சொந்தமாக வீடு கட்டியவருக்குத் தன் வாசல் கதவுக்கு எத்தனை சாவி, அவை யார் யார் கையில் என்று தெரியும். குடிபோகிறவருக்குத் தெரியாது. அவருக்கு முன் இருந்தவர் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். ஹவுஸ் ஓனரிடம் ஒன்று நிச்சயம் இருக்கும். வீட்டைச் சுற்றிக் காட்டிய புரோக்கர், நடுவில் வெள்ளையடித்தவர், குழாய் பழுது பார்த்தவர் என்று அந்தச் சாவி எத்தனையோ கைகளைக் கடந்து வந்திருக்கும். இவர்களில் ஒருவர் ஒரு மத்தியான வேளையில் சத்தமில்லாமல் திறந்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போனால் காவல் நிலையத்துக்கு அது திருட்டு. பாலிசிக்கு அது ஒன்றுமே இல்லாமல் போய்விடலாம். இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் முதலில் பார்ப்பது நாதங்கியையும் தாழ்ப்பாளையும்தான். கீறல் இல்லை, நெளிவு இல்லை என்றால் அவருடைய அறிக்கை எப்படி முடியும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இதோடு தீர்வதில்லை. வீட்டில் இருப்பவர்களோ வேலைக்கு வருபவர்களோ செய்த திருட்டு, அவர்கள் உடந்தையாக இருந்த திருட்டு ஆகியவற்றைப் பெரும்பாலான களவுப் பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. வீடு தொடர்ந்து பல நாட்கள் ஆளில்லாமல் கிடந்தால் முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போய், அங்கே ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று தங்கிவிடும் நம்முடைய வழக்கம் அந்த நிபந்தனையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் அதைப் பற்றிப் பலருக்கும் தெரிந்த செய்தி. அதன் பின்னிணைப்பில் பராமரிப்பு வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் அட்டவணை ஒன்று உண்டு. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் தலையில். சுவிட்ச், குழாய் வாஷர், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவற்றோடு கதவு, அலமாரி, ஜன்னல் இவற்றின் பூட்டையும் கைப்பிடியையும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. கதவு ஒருவருடையது, அதன் பூட்டு இன்னொருவருடையது என்ற இந்தப் பாகப்பிரிவினை முதல் பார்வையில் அநியாயமாகத் தெரியும். எனக்கோ இது வாடகைதாரருக்குக் கிடைத்த ஒரு பிடி என்று தோன்றுகிறது. பூட்டு உன் பொறுப்பு என்று சட்டமே சொல்லும்போது, குடிபோன அன்றே அதை மாற்றுவதற்கு யாரிடமும் தயங்கி நிற்க வேண்டியதில்லை. ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றலாம். பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. பல பூட்டுகளில் உள்ளிருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் பழைய சாவிகள் அத்தனையும் வெறும் இரும்பாகிவிடும். கிரில், இரும்பு கேட், கதவின் நிலை போன்றவைதான் சிக்கல். சுவரில் துளை போட்டால் அட்வான்ஸில் கழிப்பார்கள் என்ற பயத்தில் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அதற்கு எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. உரிமையாளர் வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நினைத்தபோது சாவி போட்டுத் திறக்கும் ஓனருக்கு அந்த விதியை நினைவூட்டுவதில் தவறில்லை.

பூட்டு விஷயத்தில் ஒரு வேடிக்கையான முரண்பாடும் இருக்கிறது. வாசல் நாதங்கியில் தொங்கும் பெரிய பித்தளைப் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கே தண்டோரா போட்டுச் சொல்கிறது. திருட வருகிறவர்கள் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டுவதும் இல்லை. மரத்தில் இரண்டு திருகாணியில் நிற்கும் நாதங்கியைக் கம்பியால் நெம்பினால் போதும். அதனால் கதவுக்குள் பதிந்திருக்கும், வெளியே பார்த்தால் பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியாத பூட்டுதான் நல்லது என்று காவல்துறையினர் சொல்வது சரி. ஆனால் களவு நடந்த பிறகு க்ளெய்ம் மேஜைமேல் வைக்க நெளிந்த நாதங்கியைப் போல ஒரு நல்ல சாட்சி கிடையாது. அதற்காக யாரும் மட்டமான பூட்டு வாங்க வேண்டாம். உடைபட்ட பாகத்தை அவசரப்பட்டு ஆசாரியை அழைத்துச் சரிசெய்துவிடாமல், படம் எடுத்து, சர்வேயர் வரும் வரை பத்திரப்படுத்தி வைத்தால் போதும்.

பாதுகாப்பு என்ற பேச்சில் வாடகைக்காரர் எப்படி இடம்பெறுகிறார் என்பதற்குச் சென்னையின் 2012-ஆம் ஆண்டு ஓர் எடுத்துக்காட்டு. பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிக் கொள்ளைகள் நடந்தன. பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேர் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டிலேயே, குடியிருப்பவர்களின் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று மாநகரக் காவல்துறை உத்தரவு போட்டது. அதற்கான படிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் படிவத்தில் குடியிருப்பவரின் பெயர், தொழில், சொந்த ஊர் எல்லாம் கேட்கப்படும். அவர் வந்து சேரும் வீட்டின் பூட்டு உறுதியானதா, முன்பு அங்கே திருட்டு நடந்திருக்கிறதா என்று அவருக்குச் சொல்லும் படிவம் எதுவும் கிடையாது. கண்காணிப்பு ஒரு திசையில் மட்டும் பாய்கிறது.

இனி காப்பீட்டுக்கு வருவோம். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவின் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. கட்டடத்துக்கு எடுத்தால், கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகச் சேர்ந்துகொள்ளும். வாடகைக்கு இருப்பவர் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். கட்டில், பீரோ, டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி, பாத்திரம், துணிமணி எல்லாம் இதில் அடங்கும். ரொக்கமும் தங்கக் கட்டியும் பத்திரங்களும் வண்டிகளும் அடங்கா. தீ, வெடிப்பு, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது என்று காக்கப்படும் ஆபத்துகளின் வரிசை நீளமானது.

அந்த வரிசையில் திருட்டும் இருக்கிறது, ஒரு வாலோடு. மேலே சொன்ன தீயோ வெள்ளமோ புயலோ நேர்ந்து, அதன் விளைவாக, ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டும். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறிய மூன்றாம் நாள் யாரோ டிவியைத் தூக்கிக்கொண்டு போனால் கிடைக்கும். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் போனால் கிடைக்காது. அதற்குத் தனியாகக் களவுப் பிரிவு சேர்த்த பாலிசி எடுக்க வேண்டும். எடுத்தால் உச்ச நீதிமன்றம் படித்த அந்த வாசகம் வந்து நிற்கும். வீட்டுக் காப்பீடு என்றதும் திருடனை நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள் எத்தனை பேர் இந்த வாலைப் படித்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்.

கட்டடத்துக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்ற இந்த முன்னுரிமை புதிதல்ல. 1666-இல் லண்டன் மாநகரம் எரிந்த பிறகு, 1680-ஐ ஒட்டி நிக்கலஸ் பார்பன் என்ற கட்டடத் தொழிலதிபர் தொடங்கிய தீக் காப்பீடு வீடுகளுக்கு மட்டுமே. உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சரக்கையும் காப்பீடு செய்யலாம் என்ற எண்ணம் சார்ல்ஸ் போவி என்பவர் வழியாக 1708-இல்தான் வந்தது. 1710-இல் அது சன் ஃபயர் ஆஃபீஸ் ஆனது. திருட்டுக்குக் காப்பீடு தரலாம் என்று லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் கத்பர்ட் ஹீத் துணிந்ததற்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவர் முதலில், சாமான் இரண்டாவது, களவு கடைசி. சுவரைச் சொந்தமாகக் கொள்ளாதவர்களிடம் இந்தத் தொழில் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

என்றாலும் சென்னையில் குடியிருக்கும் ஒருவர், திருட்டு இல்லையே என்று இந்தப் பாலிசியை ஒதுக்கினால் தவறு செய்கிறார். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. 2023 டிசம்பர் 3, 4-இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் மறுபடி வீட்டுக்குள் தண்ணீர். எந்தத் திருடனும் ஒரே இரவில் ஒரு வீட்டின் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பீரோவிலுள்ள பட்டுப் புடவை, பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாவற்றையும் ஒருசேர எடுத்துக்கொண்டு போனதில்லை. தண்ணீர் கொண்டுபோகும். கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்கு அதில் சுவர் நஷ்டம் ஏதும் இல்லை. இழப்பு முழுவதும் சாமான்தான். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்து ரேஷன் கடைகள் மூலம் கொடுத்தது. சொந்த ஊரில் ரேஷன் அட்டையை விட்டுவிட்டு வந்திருந்த வாடகைக் குடும்பங்கள் தனியாக மனுப்போட்டு, இங்கேதான் வசிக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. ஒரு மெத்தையும் ஒரு கேஸ் அடுப்பும் வாங்க அந்தத் தொகை சரியாக இருந்திருக்கும்.

நம் வீடுகளில் விலைமதிப்புள்ளது என்றால் நகைதான். பாரத் கிருஹ ரக்ஷாவில் நகை தானாகச் சேராது. விலையுயர்ந்த பொருட்கள் என்று தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒவ்வொரு நகையும் 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை, மீறினால் தேவை. இன்றைய தங்க விலையில் ஒரு சாதாரணக் கல்யாணச் சங்கிலியே அந்த ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதால், இந்தச் சலுகை எழுதப்பட்ட வேகத்திலேயே பழசாகிவிட்டது. லாக்கரில் வைத்துவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதியைப் பார்க்க வேண்டும். தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றால் லாக்கரில் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். மூன்று சவரனுக்குக்கூடக் காணாது. வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத வரை, அதுவும் இல்லை. இருந்தாலும் மரப் பீரோவைவிட லாக்கர் மேல் என்பதை மறுக்க மாட்டேன்.

வாடகை வீடுகளில் களவைக் குறைப்பது பற்றி உலகில் நடந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் நடந்தது. மான்செஸ்டருக்கு அருகில், நகராட்சி வாடகைக்கு விட்ட 2,280 வீடுகள். 1985-இல் அங்கே ஏறத்தாழ நான்கு வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் களவு நடந்தது. 1986-இல் டேவிட் ஃபாரஸ்டர், கென் பீஸ் முதலியோர் காவல்துறையோடும் நகராட்சியோடும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். முதலில் களவு கொடுத்தவர்களிடமும் களவு செய்து பிடிபட்டவர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள். அதில் இரண்டு உண்மைகள் கிடைத்தன.

முதலாவது, களவுகளில் ஏறக்குறைய பாதியில் காசு போட்டு இயக்கும் மின்சார, எரிவாயு மீட்டர் உடைக்கப்பட்டிருந்தது. ஏழை வாடகைதாரர்கள் கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்த வேண்டும் என்பதற்காகப் பொருத்தப்பட்ட மீட்டர்கள் அவை. அதாவது, நிலுவை வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், ஒவ்வொரு ஏழையின் வீட்டுக்குள்ளும் ஓர் உண்டியலை நிறுவி, அந்த உண்டியலுக்கு அவரையே காவல் வைத்திருந்தார்கள். இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. ஒரு முறை களவு போன வீட்டில் மறுபடி களவு நடக்கும் வாய்ப்பு, மற்ற வீடுகளில் முதல் களவு நடக்கும் வாய்ப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல். திருடனுக்கு வீட்டின் அமைப்பு தெரிந்துவிட்டது. உடைந்த கதவு பலவீனமாகவே நிற்கிறது. போன டிவிக்குப் பதில் புதிது வந்திருக்கும். அவன் திரும்பி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே அவர்கள் குடியிருப்பு முழுக்கக் கம்பிவேலி போடவில்லை. களவு போன வீட்டை உடனே கவனித்தார்கள். காசு மீட்டரை எடுத்தார்கள். அந்த வீட்டின் பூட்டையும் கதவையும் தாமதமின்றி உறுதிப்படுத்தினார்கள். பக்கத்து, எதிர் வீடுகளில் ஆறேழு பேரைச் சேர்த்து, அந்த ஒரு வீட்டை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊர் முழுவதையும் கண்காணியுங்கள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். எதிர்வீட்டுக் கிழவியின் கதவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்பார்கள். ஐந்து மாதத்தில் பதிவான களவு முந்தைய அளவில் 40 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒரே வீட்டில் மறுபடி நடக்கும் களவு சுழியத்தைத் தொட்டது.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது, அங்கே கதவைப் பழுது பார்க்கும் செலவு நகராட்சி என்ற உரிமையாளரிடம் இருந்தது என்பது. களவு போன வாடகைதாரரிடம், நீயே ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போட்டுக்கொள் என்று சொல்லியிருந்தால் பாதி வீடுகள் மறு களவுவரை அப்படியே இருந்திருக்கும். நம் ஊரில் களவு நடந்த வீட்டில் என்ன நடக்கிறது? எஃப்.ஐ.ஆர். பதியச் சொன்னால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பும் நிலையங்கள் உண்டு. களவு க்ளெய்முக்கு அந்தச் சீட்டு போதாது, எஃப்.ஐ.ஆரும், பொருள் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற காவல்துறையின் இறுதி அறிக்கையும் கேட்பார்கள். அந்த அறிக்கைக்கு நடக்கும் மாதங்களில் வாடகைதாரர் பெரும்பாலும் வீட்டையே மாற்றிவிடுகிறார். உடைந்த நிலையோடு அடுத்தவர் குடிவருகிறார், அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

பிரிட்டனில் குடிபோகிறவர்களுக்கான காப்பீடும் இதே பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே வழக்கமான வீட்டுப் பாலிசிகளில் ஐந்து லீவர் பூட்டு, ஜன்னலுக்குச் சாவிப் பூட்டு என்று நிபந்தனை போடும் நிறுவனங்கள் பல. கதவை மாற்றும் உரிமை இல்லாதவரிடம் இதைக் கேட்பதில் பயனில்லை என்பதால், நகராட்சிகளும் வீட்டு வசதிச் சங்கங்களும் தங்கள் குடியிருப்பாளர்களுக்கு வேறொரு வகைப் பாலிசியை ஏற்பாடு செய்தன. நேஷனல் ஹவுசிங் ஃபெடரேஷன் முன்னின்று நடத்தும் திட்டத்தில் விசேஷப் பூட்டுகள் தேவையில்லை, பூட்டக்கூடிய வாசல் கதவு இருந்தால் போதும். சிறு தொகைக்கும் எடுக்கலாம். பிரீமியத்தை மாதாமாதமோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ கட்டலாம். சில நகராட்சிகள் வாடகையோடு சேர்த்தே வாங்கிக்கொள்கின்றன. பிரான்ஸ் கட்டாயப்படுத்தும் வழியில் போனது. 1989 ஜூலை 6-ஆம் தேதிச் சட்டப்படி குடிபோகிறவர் சாவி வாங்கும்போதே காப்பீட்டுச் சான்றைக் காட்ட வேண்டும். ஆனால் அந்தக் கட்டாயம் தீயாலும் தண்ணீராலும் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கானது. அவருடைய சொந்தச் சாமான்களுக்கு அவரே விரும்பிச் சேர்த்தால்தான் உண்டு. மறுபடியும் சுவர்தான் முதலில்.

நம் நாட்டில் 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வீட்டுப் பொருட்களுக்கான காப்பீட்டில் 18 விழுக்காடு அப்படியே நிற்கிறது. அதைக் குறைப்பது டெல்லியின் கையில். தமிழ்நாடு தானே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கண்ணகி நகரிலும் பல்லாயிரம் குடும்பங்களை அடுக்குமாடிகளில் குடியமர்த்தியிருக்கிறது. அந்தக் குடும்பங்களிடம் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்பது யாருக்கும் புதிதில்லை. பாரத் கிருஹ ரக்ஷாவின் சாமான்களுக்கான பகுதியை ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்ற சிறு தொகைக்கு மொத்தமாகப் பேசி எடுத்து, அதன் பிரீமியத்தை அந்தக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதில் களவுப் பிரிவையும் வைக்க முடிந்தால், பூட்டக்கூடிய கதவு இருந்தால் போதும் என்ற வாசகத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். பேரம் பேசும் பலம் தனி வாடகைதாரருக்கு இல்லை. பல்லாயிரம் கதவுகளைக் கையில் வைத்திருக்கும் வாரியத்துக்கு இருக்கிறது.